ஊசியின் ஞாபகம்



தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் கழித்த ஓர் ஆசிரியரின் பெயரால் நிகழும் இச்சொற்பொழிவுக்கு, உடலியலைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த என்னை அழைத்த அன்பர்கள், மூளையைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் ஏதேனும் பேசவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். மூளை பெரிது, கல்வி அதனினும் பெரிது, எனக்குக் கிடைத்த ஒரு மணி நேரமோ சிறிது. ஆகையால் அவ்விரண்டும் சந்திக்கும் ஒரே ஓர் இடத்தை மட்டும், அதாவது ஓர் அனுபவத்தோடு கலந்து வரும் அச்சமோ மகிழ்ச்சியோ அவ்வனுபவத்தை நம்முள் எவ்வாறு நிலைபெறச் செய்கிறது என்பதை மட்டும், விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறேன். பேசியதை அச்சுக்குத் தரும்போது கிளைக்கதைகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன். வாதத்தின் வரிசையை மாற்றவில்லை.

1911-ஆம் ஆண்டில், ஜெனீவா நகரத்து மருத்துவரும் மனநூல் வல்லுநருமாகிய எட்வார் கிளாப்பரேட் ஒரு சிறு சோதனையைப் பற்றி எழுதினார். அவருடைய நோயாளிகளுள் 47 வயதுள்ள பெண்மணி ஒருவர் இருந்தார். கோர்சகாஃப் நோய் என்று மருத்துவர்கள் சொல்லும் மறதி நோய் அவரைப் பீடித்திருந்தது. எப்போதோ படித்த பாடங்கள் அவருக்கு மறக்கவில்லை. ஆனால் புதிதாக நிகழ்வது எதுவும் அவர் உள்ளத்தில் சில நிமிஷங்களுக்கு மேல் தங்குவதில்லை. தினந்தோறும் தம்மைக் காணவரும் மருத்துவரையே அவர் தினந்தோறும் அந்நியராகக் கண்டு வரவேற்பார். ஒருநாள் கிளாப்பரேட் தம் விரல்களுக்கிடையே ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு அந்த அம்மையாரின் கையைப் பற்றினார். ஊசி குத்தியது, வலித்தது, சிறிது நேரத்தில் குத்தியதும் வலித்ததும் மறந்துபோயின. பின்னர் மருத்துவர் மீண்டும் கையை நீட்டியபோதோ, அம்மையார் தம் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, கையை இழுத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை இல்லையா என்னும் கருத்துப்பட ஏதோ சொன்னார். மேலும் வற்புறுத்திக் கேட்டபோது, சில சமயம் கைகளில் ஊசி மறைந்திருப்பதுண்டு என்றார். தமக்கு அப்படி நேர்ந்தது என்பதை மட்டும் அவரால் சொல்ல இயலவில்லை.

நோயுற்ற ஒருவரை இவ்வாறு குத்திப் பார்ப்பதற்கு இன்று எந்த மருத்துவ மன்றமும் அனுமதி தராது, தராமலிருப்பதே தர்மம். ஆயினும் அந்தக் கை பின்வாங்கிய ஒரு கணத்தில், அதற்கு முன் யாரும் அவ்வளவு தெளிவாகக் காணாத ஓர் உண்மை வெளிப்பட்டுவிட்டது. அறிந்துகொள்ளும் மனம் மறந்துவிட்டதை வேறு ஏதோ ஒன்று மறக்காமல் வைத்திருக்கிறது.

என் அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். எட்டாம் வகுப்பில் வடிவகணித வகுப்பொன்றில், கரும்பலகையின் முன் நின்று ஒரு தேற்றத்தை நிறுவ முடியாமல் தடுமாறியதற்காக, இடது உள்ளங்கையில் எனக்குப் பிரம்படி விழுந்தது. அன்று நான் தவறவிட்ட தேற்றம் எது என்பது இன்று எனக்கு ஞாபகமில்லை. ஆனால் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின், நானே ஆசிரியனாக இருந்த ஒரு நாளில், மாணவர் ஒருவர் படத்தைச் சுட்டிக்காட்டும் மூங்கில் குச்சியை விளையாட்டாகச் சுழற்றியபோது, அது காற்றைக் கிழித்த ஓசை என் காதில் விழுந்த மாத்திரத்தில், இடது கை விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. தேற்றத்தைக் கற்பிப்பதற்காக அடித்த அடி, தேற்றத்தைக் கற்பிக்கவில்லை, ஓசையைக் கற்பித்துவிட்டது.

இவ்விரு கைகளுக்கும் பொதுவான காரணத்தைத் தேடுவதே இச்சொற்பொழிவின் பொருள். நான் நிலைநாட்ட விரும்புவது இதுதான்: ஓர் அனுபவம் நம்முள் தங்குகிறது என்றால், சில நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை நிலையாக மாறிவிட்டது என்று பொருள்; அப்பேச்சுக்களுள் எது மாறவேண்டும், எது பழையபடியே இருக்கவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் உணர்ச்சியைச் சுமந்து வரும் ரசாயனங்களிடத்தில் இருக்கிறது. உணர்ச்சியைக் கல்விக்கு இடையூறு என்றோ, அல்லது கல்விக்கு மேலே தூவும் சர்க்கரை என்றோ எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. உடலியல் காட்டும் வழியே சென்றால், அது கற்றலின் உள்ளேயே வேலை செய்யும் ஓர் உறுப்பு என்று ஒப்புக்கொள்ள நேரும்.

1. முதலில், நரம்பணுக்களின் பேச்சு என்றேனே, அது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே வலையாக இருக்கின்றன என்று கருதியவர் பலர். இத்தாலியராகிய காமில்லோ கொல்கி, வெள்ளி உப்பினால் அணுக்களைக் கறுப்பாக்கிக் காட்டும் முறையை 1873-இல் வெளியிட்டார். அந்த முறையையே கைக்கொண்டு, ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ ரமோன் இ கஹால், ஒவ்வோர் அணுவும் தனித்தனி, ஒன்றின் கிளை மற்றொன்றை நெருங்குகிறதேயன்றி அதனோடு கலந்துவிடுவதில்லை என்று நிறுவினார். 1906-ஆம் ஆண்டு நோபெல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது; கொல்கியோ அந்தப் பரிசுச் சொற்பொழிவிலும் தம் வலைக் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு அணுக்கள் நெருங்கும் அந்த இடத்தை ஆங்கில நூலார் சினாப்ஸ் என்பர். நான் நரம்புச் சந்தி என்று சொல்லப்போகிறேன். அங்கே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. ஓர் அணுவின் வழியே மின்சாரத் துடிப்பாக ஓடிவரும் செய்தி பெரும்பாலான சந்திகளில் இந்த இடைவெளியை மின்சாரமாகத் தாண்டுவதில்லை. ரசாயனமாக மாறித் தாண்டுகிறது. இதற்கு முதல் நிரூபணம் 1921-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் ஓட்டோ லோவி தவளையின் இதயங்களைக் கொண்டு செய்த சோதனை. ஓர் இதயத்துக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அந்த இதயத்தை நனைத்திருந்த திரவத்தை எடுத்து மற்றோர் இதயத்தில் விட்டார். நரம்பின் தூண்டுதலே பெறாத அந்த இரண்டாம் இதயமும் தணிந்து துடித்தது. செய்தி திரவத்தில் கரைந்து சென்றிருந்தது என்பது ஐயமற விளங்கிற்று.

மின்சாரம் மட்டுமே செய்தியாக இருந்தால் கம்பி வழியே செல்லும் தந்திபோல அது எப்போதும் ஒரே அளவாகச் சென்று சேரும். இடையில் ரசாயனம் வருவதனால், எவ்வளவு வெளியிடுவது, எவ்வளவு ஏற்றுக்கொள்வது என்ற இரண்டு கேள்விகளுக்கு இடம் உண்டாகிறது. கற்றல் என்பது நுழைவதற்கு இயற்கை திறந்துவைத்த வாயில் அதுவே. கஹாலே 1894-இல் லண்டன் ராயல் சங்கத்தில் பேசும்போது, மனப் பயிற்சியினால் அணுக்களுக்கிடையேயுள்ள தொடர்புகள் வளர்ந்து பெருகக்கூடும் என்று ஊகித்திருந்தார். சாதனங்கள் அவருக்கு இல்லை, கண்கள் இருந்தன.

2. இரண்டாவதாக, அச்சம் அணுக்களில் எழுதப்படும் முறை. இங்கே சற்று நிதானித்துச் செல்ல விரும்புகிறேன். ஏனெனில் என் அறிவுக்கு எட்டியவரையில் உயிரியல் முழுவதிலும் இதைக்காட்டிலும் நேர்த்தியான பொறியமைப்பு ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

நம் இரு பொட்டுக்களுக்கும் உட்புறமாக, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக வாதுமைக் கொட்டையின் வடிவில் ஓர் அணுத்திரள் உண்டு. வாதுமைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயரையே இட்டு அதை அமிக்டாலா என்கிறார்கள். நியூயார்க்கில் ஜோசஃப் லெடூ என்பவரும் அவருடைய சகாக்களும், எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்கச்செய்து, அந்த ஒலி முடியும் தறுவாயில் காலில் சிறிது மின்னதிர்ச்சி கொடுத்து, அச்சத்தின் பாதையை அடியொற்றிச் சென்றார்கள். சில முறை இவ்வாறு செய்த பின் ஒலி மட்டும் கேட்டாலே எலி உறைந்து நின்றுவிடுகிறது. அதன் இரத்த அழுத்தம் உயர்கிறது. ஒலியைக் கொண்டுவரும் நரம்பிழைகளும் வலியைக் கொண்டுவரும் நரம்பிழைகளும் அமிக்டாலாவின் பக்கப் பகுதியில் உள்ள அதே அணுக்களின்மேல் வந்து முடிகின்றன என்பது அவர்களுடைய ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

பயிற்சிக்கு முன் ஒலியின் சந்தி பலவீனமானது. அது கொண்டுவரும் செய்தியைக் கேட்டு அணு பெரிதாக அசைவதில்லை. வலியின் செய்தியோ அணுவை உலுக்கிவிடுகிறது. இரண்டும் ஏககாலத்தில் வரும்போது பலவீனமான சந்தி வலுப்பெறுகிறது. ஓரணு மற்றோரணுவை இயக்குவதில் மீண்டும் மீண்டும் பங்குகொண்டால் அவற்றினிடையே உள்ள தொடர்பு உரம்பெறும் என்று கனடா நாட்டு டொனால்டு ஹெப் 1949-இலேயே ஊகித்து எழுதினார். ஆஸ்லோவில் திமோத்தி பிளிஸும் தெர்யே லோமோவும் முயலின் மூளையில் ஒரு நரம்புப் பாதையைச் சிறிது நேரம் வேகமாகத் தூண்டியபின் அதன் சந்திகள் பல மணி நேரம் வலுப்பெற்றே இருந்ததை 1973-இல் வெளியிட்டார்கள். ஆனால் இரண்டு செய்திகள் ஒருங்கே வந்தன என்பதை ஒரு சந்தி எப்படி அறியும்? அதற்குக் கடிகாரம் ஏது?

விடை ஒரு மூலக்கூறில் இருந்தது. ஒலியைக் கொண்டுவரும் இழை குளூட்டமேட் என்ற ரசாயனத்தை வெளியிடுகிறது. எதிர்ப்புறத்து அணுவின் தோலில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருவகை. ஒருவகை, குளூட்டமேட் வந்து தொட்டவுடன் திறக்கும் எளிய கதவு. அன்றாடப் பேச்சு இதன் வழியே நடக்கிறது. மற்றொரு வகைக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர். குளூட்டமேட் தொட்டாலும் இதன் வழியே எதுவும் புக முடிவதில்லை. ஏனெனில் அதன் துவாரத்தை ஒரு மக்னீசியம் அயனி தக்கைபோல அடைத்துக்கொண்டிருக்கிறது. வலியின் செய்தி வந்து அணுவின் உள் மின்னழுத்தத்தை மாற்றினால்தான் அந்தத் தக்கை வெளியே தள்ளப்படும். பாரிஸிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் 1984-இல் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். வங்கியில் நகைப் பெட்டகம் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வங்கியாரின் சாவி ஒன்று, நம் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்தாலன்றிப் பெட்டகம் திறவாது. குளூட்டமேட் ஒரு சாவி. வலியினால் அணு அடைந்த உலுக்கல் மற்றொரு சாவி. இரண்டும் ஒருங்கே வந்த அந்தக் கணத்தில் துவாரம் திறந்து, கால்சியம் உள்ளே பாய்கிறது.

பாய்ந்த கால்சியம் சும்மா இருப்பதில்லை. சில நொதிகளை எழுப்புகிறது. அவை எளிய கதவுகளை மேலும் பலவாகக் கொண்டுவந்து சந்தியில் பதிக்கின்றன. அடுத்த முறை அதே ஒலி அதே அளவு குளூட்டமேட்டை வெளியிட்டாலும், கேட்கும் காதுகள் பெருகிவிட்டமையால், அணு உரக்கக் கேட்கிறது. செய்தி அணுவின் கருவரைக்கும் சென்று சேர்ந்தால், அங்கே மரபணுக்கள் சில விழித்து, புதுப் புரதங்கள் உண்டாகி, மாறுதல் நாட்கணக்கில் நிலைக்கிறது. 1990-இல் யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேவிஸின் குழுவினர் எலிகளின் அமிக்டாலாவுக்குள் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். புதிதாக அஞ்சக் கற்றுக்கொள்ள எலிகளால் முடியவில்லை; ஆனால் முன்பே கற்றிருந்த அச்சத்தைக் காட்டுவதற்கு அம்மருந்து தடை செய்யவில்லை. எழுதும் கோல் வேறு, எழுதப்பட்டதைப் படிக்கும் கண் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

என் உள்ளங்கையில் விழுந்த அடிக்கு ஒரு கணம் முன்னதாகப் பிரம்பின் ஓசை வந்தது. அவ்விரண்டும் சேர்ந்து சாவிகளாயின. கரும்பலகையிலிருந்த தேற்றமோ சாவித்துவாரத்தின் பக்கமே வரவில்லை.

3. மூன்றாவதாக, அறிந்த ஞாபகமும் அஞ்சிய ஞாபகமும் வெவ்வேறு இடங்களில் எழுதப்படுகின்றன. எது எங்கே எப்போது நிகழ்ந்தது என்ற வரலாற்றைப் பதிப்பதற்கு இன்றியமையாதது ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி. கடற்குதிரை போன்ற வடிவம் உடையதாகையால் வந்த பெயர். 1995-இல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் அந்தோனியோ டமாசியோவின் குழுவைச் சேர்ந்த அன்டுவான் பெஷாராவும் பிறரும் வெளியிட்ட ஆய்வில் மூன்று நோயாளிகள் இடம்பெற்றனர். ஒருவருக்கு இருபுறத்து அமிக்டாலாவும் கெட்டிருந்தது. மற்றொருவருக்கு ஹிப்போகாம்பஸ் கெட்டிருந்தது. மூன்றாமவருக்கு இரண்டுமே கெட்டிருந்தன. வண்ணப் படங்களைத் திரையில் காட்டி, ஒரு குறிப்பிட்ட நிறம் தோன்றும்போது மட்டும் செவியைத் துளைக்கும் ஊதல் ஒன்றை ஒலிக்கச்செய்து, உள்ளங்கையில் அரும்பும் வியர்வையை மின்சாரத்தால் அளந்தார்கள்.

அமிக்டாலா கெட்டவர் எந்த நிறத்தின்பின் ஊதல் வந்தது என்பதைத் தவறாமல் சொன்னார். ஊதல் ஒலித்தபோது திடுக்கிட்டு வியர்க்கவும் செய்தார். ஆனால் அந்த நிறத்தை மட்டும் கண்டபோது அவர் கை வியர்க்கவில்லை. ஹிப்போகாம்பஸ் கெட்டவரின் கை அந்த நிறத்தைக் கண்டு வியர்த்தது. எந்த நிறத்தின்பின் ஊதல் வந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாமவருக்கு அறிவும் இல்லை, வியர்வையும் இல்லை. ஜெனீவாவில் கையை இழுத்துக்கொண்ட அம்மையாரின் விடுகதை 84 ஆண்டுகள் கழித்து விடுவிக்கப்பட்டது. இரண்டாம் நோயாளி அந்த அம்மையாரின் உறவினர். முதல் நோயாளியோ அவருடைய கண்ணாடிப் பிம்பம், அதாவது ஊசி குத்தியதை நன்றாக நினைவுகூர்ந்துகொண்டே மீண்டும் அதே கையை நீட்டக்கூடியவர்.

ஆகையால், பயப்படாதே, இதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று ஒரு பிள்ளைக்கு நாம் காரணம் காட்டிப் போதிக்கும்போது, நாம் எந்த இடத்தோடு பேசுகிறோம் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். ஒலி அமிக்டாலாவை அடைவதற்கு, மூளையின் மேற்பட்டையில் ஆராயப்பட்டுச் செல்லும் நீண்ட பாதை ஒன்றோடு, மேற்பட்டையைத் தொடாமலே செல்லும் குறுக்குப் பாதை ஒன்றும் இருப்பதாக லெடூவின் எலிகள் காட்டின. கேட்டலுக்குரிய மேற்பட்டையை நீக்கிய பின்னும் அவை ஒலிக்கு அஞ்சக் கற்றுக்கொண்டன. காரணங்கள் சென்று சேருமுன்பே கை மடங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளை பிடிவாதக்காரன் அல்லன்.

4. நான்காவதாக, தேர்ந்தெடுக்கும் முத்திரை. இதுவரை சொன்னதில் அச்சத்தின் ஞாபகம் ஒன்றே வந்தது. ஆனால் அமிக்டாலா தன் ஞாபகத்தைத் தானே வைத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. மூளையின் ஏனைய பகுதிகள் தத்தம் ஏடுகளில் எழுதிக்கொண்டிருப்பவற்றுள் எவை அழியாமல் இருக்கவேண்டும் என்பதிலும் தலையிடுகிறது.

எரிக் கான்டல் என்ற விஞ்ஞானியை எடுத்துக்கொள்வோம். 1929-இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் பெற்றோர் ஒரு நீலநிற விளையாட்டு மோட்டார் காரைப் பரிசளித்தார்கள். இரண்டு நாள் கழித்து, 1938 நவம்பர் 9-ஆம் தேதி இரவு, யூதர்களின் வீடுகளும் வழிபாட்டு இடங்களும் சூறையாடப்பட்டன. கான்டலின் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது. குடும்பத்தார் வெளியேற்றப்பட்டுச் சில நாட்களுக்குப் பின் திரும்பி வந்தபோது, விலைமதிப்புள்ளவை எல்லாம் போயிருந்தன. அந்த நீல காரும் போயிருந்தது. முதுமையில் எழுதிய சுயசரிதத்தில் அவர் இவற்றையெல்லாம் நேற்று நிகழ்ந்தவைபோல விவரிக்கிறார். அமெரிக்காவில் குடியேறி, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்களே உடைய அப்ளீசியா என்னும் கடல் நத்தையை ஆராய்ந்து, ஒருமுறை அதிர்ச்சி கொடுத்தால் சந்தியின் ரசாயனம் சில நிமிஷங்களுக்கு மட்டும் மாறுவதையும், இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தால் புதிய சந்திகளே முளைப்பதையும் காட்டி, 2000-ஆம் ஆண்டு நோபெல் பரிசில் பங்குபெற்றவர் அவரே. தம் ஆராய்ச்சியின் வித்து வியன்னாவின் அந்தக் கடைசி ஆண்டில் இருந்தது என்பது அவருடைய நம்பிக்கை.

எத்தனையோ பிறந்தநாட் பரிசுகள் மறந்துபோகின்றன. அந்த நீல கார் மட்டும் ஏன் மறக்கவில்லை? கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரத்தில் ஜேம்ஸ் மக்காஃப் தம் வாழ்நாளைச் செலவிட்டது இத்தகைய கேள்விக்காகவே. எலிகள் ஒன்றைக் கற்று முடித்த பிறகு, ஆம், முடித்த பிறகு, கிளர்ச்சி தரும் ரசாயனங்களைச் செலுத்தினாலும் அவற்றின் ஞாபகம் உறுதிப்படுவதை அவர் கண்டார். அனுபவம் முடிந்த மறுகணமே ஞாபகம் முடிந்துவிடுவதில்லை. ஈரச் சுவர்போல அது சிறிது காலம் உலர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வேளையில், மூளைத்தண்டிலுள்ள நீலநிறம் படிந்த ஒரு சிறு அணுத்திரளிலிருந்து நாரட்ரினலின் என்னும் ரசாயனம் அமிக்டாலாவுக்கு வந்து சேர்கிறது. சிறுநீரகத்தின்மேல் அமர்ந்த சுரப்பிகளின் சாரங்களும் தம் பங்குக்கு வந்து சேர்கின்றன. அமிக்டாலா ஹிப்போகாம்பஸுக்கும் பிற பகுதிகளுக்கும், இதை வைத்துக்கொள்க என்று ஆணையிடுவதுபோல் செயற்படுகிறது.

மக்காஃபும் லாரி கேஹிலும் 1994-இல் இதை மனிதர்களிடத்திலும் சோதித்தார்கள். தாயும் மகனும் தந்தை வேலைசெய்யும் இடத்துக்குச் செல்லும் ஒரு கதையைப் படங்களோடு சொன்னார்கள். சிலருக்குச் சொன்ன கதையில் எதுவும் நிகழவில்லை. வேறு சிலருக்குச் சொன்ன கதையின் நடுவில் சிறுவனை ஒரு கார் மோதிவிடுகிறது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, விபத்துக் கதையைக் கேட்டவர்கள் அதன் நடுப்பகுதியைப் பிறவற்றைக் காட்டிலும் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்கள். ஆனால் கதைக்கு முன்பே நாரட்ரினலினின் வேலையைத் தடுக்கும் ப்ரோப்ரனலால் மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் அந்த விசேஷமான தெளிவு காணப்படவில்லை. அவர்கள் கதையை மறந்துவிடவில்லை. சாதாரணமான பகுதிகளை மற்றவர்களைப் போலவே சொன்னார்கள். முத்திரை மட்டும் விழவில்லை.

அச்சம் ஒன்றுதான் முத்திரையிடுகிறது என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. குரங்குகளின் மூளையில் டோப்பமீன் என்ற ரசாயனத்தை வெளியிடும் அணுக்களை உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் ஆராய்ந்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழரசம் கிடைத்தால் அவ்வணுக்கள் ஆர்ப்பரிக்கின்றன. விளக்கு எரிந்தால் பழரசம் வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், பழரசத்துக்கு அவை வாளாவிருந்து விளக்குக்கு ஆர்ப்பரிக்கின்றன. விளக்கு எரிந்தும் பழரசம் வராவிட்டால், வரவேண்டிய அந்தக் கணத்தில் அடங்கிப்போகின்றன. எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கிடைத்தது என்பதே அவற்றின் செய்தி. முதல் முறையாக வெங்காயத் தோலை நுண்பெருக்கியின் கீழ் எனக்குக் காட்டிய ஆசிரியை ஒருவர் இருந்தார். வெறும் சருகு என்று நான் நினைத்திருந்ததில் செங்கல் அடுக்கியதுபோல் அறை அறையாக உயிரணுக்களைக் கண்ட அந்தப் பிற்பகலை, அறையின் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது உட்பட, என்னால் இன்றும் சொல்ல முடியும். அன்று யாரும் என்னை அடிக்கவில்லை.

5. ஐந்தாவதும் இறுதியானதும், எழுதப்பட்டதை மாற்ற முடியுமா என்பது. இங்கே முதலில் ஒரு கடினமான செய்தியைச் சொல்லவேண்டும்; அது நம் நாட்டிலேயே, பெங்களூரில் கண்டறியப்பட்டது. சுமந்திர சட்டர்ஜியின் குழுவினர் எலிகளைத் தினந்தோறும் 2 மணி நேரம் அசையவிடாமல் கட்டுப்படுத்தி, அவ்வாறு 10 நாள் செய்தபின் அவற்றின் நரம்பணுக்களைப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸில் அணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. அமிக்டாலாவிலோ அதே அவதி கிளைகளை வளர்த்திருந்தது. 2002-இல் வெளிவந்தது இது. இரண்டாண்டு கழித்து அதே ஆய்வகம், துன்பம் நின்றபின் 21 நாள் ஓய்வு கொடுத்துப் பார்த்தது. ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. அமிக்டாலா திரும்பவில்லை. எலியின் நாட்களை மனிதனின் நாட்களாகப் பெயர்ப்பது எளிதன்று. அவசரப்பட்டு அப்படிச் செய்வதை நான் விரும்பவில்லை. ஆயினும் பள்ளி விடுமுறை முடிந்து புத்தகங்களோடு திரும்பும் ஒரு பிள்ளையிடம், எல்லாம் சரியாகிவிட்டிருக்கும் என்று நாம் எதிர்பார்க்கும்போது, இந்த 21 நாட்கள் என் நினைவுக்கு வருகின்றன.

மாற்றும் வழிகள் இல்லாமல் இல்லை. ஒலியை அதிர்ச்சியின்றிப் பலமுறை கேட்கச்செய்தால் எலியின் உறைவு படிப்படியாக நீங்குகிறது. இது பழையதை அழித்தல் என்று தோன்றும். அவ்வாறன்று என்பதை உடலியலாளர் பாவ்லோவ் தம் நாய்களிடத்திலேயே அறிந்திருந்தார். உணவின் அறிகுறிக்கு ஊறி, உணவு வராமையால் நின்றுபோன எச்சில், சில காலம் சென்றபின், புதிய பயிற்சி எதுவும் இல்லாமலே தலைகாட்டியது. பழைய ஞாபகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் உதவியோடு, அதை அடக்கிவைக்கும் புதிய ஞாபகம் ஒன்று அதன்மேல் கற்கப்படுகிறது. இதற்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பியின் இரு சாவிகள் வேண்டும். இதுவும் ஒரு கல்வி. 2000-ஆம் ஆண்டில் கரிம் நாடெரும் லெடூவும் வேறொரு வாயிலையும் காட்டினார்கள்: பழைய அச்சம் ஒன்று நினைவுக்கு வரும்போது அதன் சுவர் மீண்டும் ஈரமாகிறது, அவ்வேளையில் அமிக்டாலாவில் புதுப் புரதம் உண்டாவதைத் தடுத்தால் அச்சம் பின்னர்த் தோன்றவில்லை, 6 மணி நேரம் தாமதித்துத் தடுத்தால் பயனில்லை. மனிதர்களுக்கு இதை மருந்தாக்கும் முயற்சிகள் இன்னும் உறுதியான முடிவைத் தரவில்லையாதலின், அதைப் பற்றி மேலும் பேசாமல் முதற்சொன்ன வழிக்கே திரும்புகிறேன்.

புதிதாகக் கற்ற பயமின்மைக்கு ஒரு குறை உண்டு. அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஓர் அறையில் அச்சம் தணிந்த எலியை வேறோர் அறைக்குக் கொண்டுசென்றால் அச்சம் திரும்பிவிடுகிறது. அச்சமோ அப்படி இடம் பார்ப்பதில்லை. எங்கே போனாலும் உடன் வருகிறது. ஜெனீவாவில் அந்த அம்மையாரிடம், கிளாப்பரேட் மறுநாளும் அதற்கு மறுநாளும் வெறுங்கையையே நீட்டியிருப்பாரானால், அம்மையார் ஒவ்வொரு நாளும் அவரைப் புதியவராகவே கண்டு வரவேற்றிருப்பார். ஊசியையும் அறியார், ஊசியில்லாத நாட்களையும் அறியார். ஆனால் அவருடைய கை, அவர் அறியாமலே, நாளுக்கு நாள் சற்றுக் குறைவாகப் பின்வாங்கியிருக்கக்கூடும். அதே கை, நடைபாதையிலோ தோட்டத்திலோ வேறொருவர் கை நீட்டினால், மீண்டும் சட்டென்று மடங்கியிருக்கவும் கூடும். அப்போது அங்கேயும் வெறுங்கைகள் வேண்டும். மூன்றாவதாக ஓர் இடம் இருந்தால் அங்கேயும் வேண்டும்.